0.177 ஏர் ரைஃபிள்: 10 மீட்டரில் ரெண்டு கொத்தா விழுது, எங்கே பார்க்கணும்?

#1 உச்சிப்புளி வாடை

வணக்கம். 0.177 (குழல் துளை 4.5 மி.மீ.), குழலை மடக்கி காக் பண்ற, அதாவது ஸ்பிரிங்கை ஏத்துற வகை, மரக் கட்டை, 4x32 ஸ்கோப் (குறி பார்க்கிற தொலைநோக்கி). தூரம் 10 மீட்டர், முன்கட்டை மணல் மூட்டையில் தாங்கல். பங்குனி வரைக்கும் அஞ்சு குண்டும் ஒரு ரூபாய் நாணயத்தால மூடுற அளவுக்குள்ள விழுந்துச்சு. இப்போ 45 மி.மீ. விரியுது. சும்மா சிதறலும் இல்ல. ஒரு கொத்து நடுவுல, இன்னொண்ணு வலது மேலே 25 மி.மீ. தள்ளி. அது போக ஒண்ணு ரெண்டு தனியா ஓடுது.

குண்டு உள்ளூர் தட்டைத் தலை. மூணு நாளைக்கு ஒருக்கா தேங்காய் எண்ணெய்த் துணியால துடைப்பு, குழலுக்குள்ளயும் சேர்த்து. இடம் தென்னந்தோப்பு, கடல் அரை கிலோமீட்டர். ஸ்பிரிங் தளர்ந்திருக்குமோன்னு புதுசு போட யோசனை. போடலாமா?

#2 தொண்டித் திருகாணி

ஸ்பிரிங்கைத் தொடாதீங்க தம்பி. ஸ்பிரிங் தளர்ந்தா வேகம் குறைஞ்சு எல்லாக் குண்டும் சேர்ந்து கீழே இறங்கும். ரெண்டு கொத்து விழாது. ரெண்டு கொத்துன்னா துப்பாக்கியில ஏதோ ஒரு பாகம் ரெண்டு இடத்துல மாறி மாறி உட்காருதுன்னு அர்த்தம். அப்படி உட்காரக் கூடியது நாலுதான்: கட்டைத் திருகாணி, குழல் கீல், ஸ்கோப் மவுண்ட், ஸ்கோப்புக்கு உள்ளே இருக்கிற குழாய்.

முதல்ல கட்டை. முன்கட்டையில பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு திருகாணி, ட்ரிகர் கார்டுக்கு (ட்ரிகரைச் சுத்தி இருக்கிற வளையம்) முன்னாடி கீழே இருந்து ஒண்ணு. இந்த மூணும்தான் இரும்பை மரத்தோட பிடிச்சு வச்சிருக்கு. நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில மரம் ஊதும், அப்போ எல்லாம் இறுக்கமாத் தெரியும். பங்குனி, சித்திரை வெயில்ல மரம் சுருங்கினதும் திருகாணித் தலைக்கு அடியில இடைவெளி விழுந்துடும். நீங்க சொல்ற மாசம் அப்படியே பொருந்துது.

செய்முறை: மூணையும் முழுசாக் கழற்றுங்க. மரையில இருக்கிற எண்ணெயைப் பெட்ரோல் தொட்ட துணியால துடைச்சுக் காய விடுங்க. நீல லாக்டைட் (மரை கழலாமப் பிடிக்கிற பசை) ஒவ்வொண்ணுக்கும் ஒரே சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமக் கழறாது. முன் ரெண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. தலை உட்கார்ந்த பிறகு கால் சுற்று, அவ்வளவுதான். வெறி கொண்டு முறுக்கினா மரம் நசுங்கி, அடுத்த மாசம் இதே கதை. பல் வாஷர் இருந்தா அதை எடுத்து எறிஞ்சிடாதீங்க, அது காரணமாத்தான் வச்சிருக்கு. லாக்டைட் ஒரு ராத்திரி காயட்டும்.

#3 கீழக்கரை லேத்

திருகாணி அண்ணன் சொன்னது சரி. ஆனா அந்தத் தேங்காய் எண்ணெயை இன்னைக்கே நிறுத்துங்க.

குழலுக்குள்ள விடுற எண்ணெய் அங்கேயே நிக்காது. துப்பாக்கியை நிமிர்த்திச் சாத்தி வச்சா பின்பக்கம் இறங்கி, காற்றுத் துளை வழியா சிலிண்டருக்குள்ள போயிடும். பிஸ்டன் முன்னால பாயும்போது உள்ளே இருக்கிற காற்று அழுந்திப் பயங்கரமாச் சூடாகும், அந்தச் சூட்டுல எண்ணெய் பத்திக்கும். டீசல் இன்ஜின் வேலை செய்ற அதே கணக்கு. அடையாளம்: வழக்கத்தை விடச் சத்தமான வெடிப்பு, குழல் முனையில புகை, கருகின வாடை. ஒரு குண்டு பத்தும், அடுத்தது பத்தாது. வேகம் தாறுமாறா மாறும், பிஸ்டன் சீலும் கருகும். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு கெட்ட குணம், நாள்பட்டா பிசினா மாறி குழலுக்குள்ளயும் ட்ரிகர்லயும் ஒட்டிக்கும். தையல் மிஷின் எண்ணெய், டபிள்யூடி-40, எல்லாத்துக்கும் இதே பேச்சுதான். உள்ளே வேண்டாம். வெளி இரும்புக்கு மட்டும்.

பழைய மாடலில் பிஸ்டனுக்குத் தோல் வாஷர் இருக்கும். அது காய்ஞ்சு போகக் கூடாது, சில நூறு குண்டுக்கு ஒருக்கா ஓரிரு சொட்டு சிலிகான் எண்ணெய் கேட்கும். பிளாஸ்டிக் மாதிரி சீல் போட்டதுக்கு அதுவும் தேவையில்ல. உங்களோடது எதுன்னு தெரிஞ்சுக்காம ஊத்தாதீங்க.

குழலைத் துடைக்க இரும்புக் கம்பி வேண்டாம். 1 மி.மீ. தங்கூசி (தூண்டில் நைலான்) நரம்பு எடுத்து ரெண்டா மடிச்சு, மடிப்பு முனையைப் பின்னாலிருந்து நுழைச்சு முன்பக்கம் வெளியே எடுங்க. பின்னால நிக்கிற ரெண்டு வாலுக்கும் நடுவுல விரல் நக அளவு பனியன் துணியை வச்சு முடிச்சுப் போட்டு, குண்டு போற திசையிலேயே இழுங்க. இழுக்கும்போது நரம்பு குழல் விளிம்புல உரசாம நேரா வரணும். முதல் துணி கறுப்பா வரும், ஆறேழு துணிக்கு மேல லேசான சாம்பல் நிறம் வந்தாப் போதும். பளபளன்னு ஆக்க வேண்டாம். சுத்தம் பண்ணின குழல் முதல் 15, 20 குண்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஈயம் லேசாப் படிஞ்ச பிறகுதான் நிலைக்கு வரும். அந்த 20 குண்டை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க.

#4 மண்டபம் 4.5

ரெண்டு பேரும் சொன்னதைச் செய்யுங்க, ஆனால் ஒரே நாளில் இரண்டையும் செய்யாதீர்கள். ஒன்று செய்து சுடுங்கள், அளந்து எழுதுங்கள், பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த முறை கெடும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அளவு: 10 மீட்டர் போட்டி அட்டை வாங்குங்கள். அதில் 10-வது வளையம் 0.5 மி.மீ. புள்ளி, 9-வது 5.5, 8-வது 10.5, இப்படியே விட்டம் 5 மி.மீ. ஏறும். கறுப்புப் பகுதி 30.5 மி.மீ. அட்டையே ஒரு ஸ்கேல். கொத்தின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்திலிருந்து மையம். அதைத்தான் எழுத வேண்டும்.

ஐந்து குண்டு ஏமாற்றும். பத்து சுடுங்கள். ஓடிய குண்டை "அது என் தப்பு" என்று கணக்கிலிருந்து தள்ளாதீர்கள். உங்கள் தப்பு என்றால் சுட்ட கணமே, ஓட்டையைப் பார்க்கும் முன்பே, தெரிந்திருக்கும்.

#5 உச்சிப்புளி வாடை

திருகாணி அண்ணே, இடது முன் திருகாணி விரலாலேயே முக்கால் சுற்று திரும்புச்சு! லாக்டைட் போட்டு ராத்திரி காய வச்சேன். இன்னைக்குக் காலையில 10 குண்டு. வலது மேல் கொத்து காணோம். ஒரே கொத்து, ஆனா நெட்டுக்குத்தா நிக்குது. உயரம் 24 மி.மீ., அகலம் 11. ஸ்கோப் மவுண்டுக்குப் பின்னால பென்சில் கோடு போட்டிருக்கேன், நகரல.

#6 தொண்டித் திருகாணி

அகலம் 11-ன்னா இரும்பு நிலையா உட்கார்ந்துடுச்சு. நெட்டுக்குத்து வேற வியாதி.

#7 மண்டபம் 4.5

நெட்டுக்குத்து என்றால் முதல் சந்தேகம் வேகத்தின் மேல். கணக்கு போட்டுப் பாருங்கள். 170 மீ/விநாடி வேகத்தில் 10 மீட்டர் போக ஏறக்குறைய 0.059 விநாடி, அதற்குள் குண்டு 17 மி.மீ. இறங்கும். 160 என்றால் 0.0625 விநாடி, இறக்கம் 19 மி.மீ. அதாவது 10 மீ/விநாடி மாறினால் 10 மீட்டரில் 2 மி.மீ.தான் வித்தியாசம். அதே மாற்றம் 20 மீட்டரில் 9 மி.மீ. காற்றின் தடை இதில் சேரவில்லை, சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆகவே உங்களுக்கு 24 மி.மீ. நிற்கிறதென்றால் வேகம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. வேகம் பாதி, பிடி பாதி என்று வைத்துக்கொண்டு இரண்டையும் தேடுங்கள்.

வேகத்துக்குப் பின்னால் இருப்பது சீல். குழல் மடங்கும் இடத்தில், குண்டு போடும் துளையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். குழலை மூடி, அந்த இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை வையுங்கள். குண்டு போட்டுச் சுடுங்கள். வெறும் துப்பாக்கியை ஒருபோதும் சுடாதீர்கள், குண்டின் எதிர்ப்பு இல்லாமல் பிஸ்டன் நேராகச் சிலிண்டர் முகத்தில் மோதும். பேப்பர் துள்ளினால் காற்று கசிகிறது. வளையம் சுற்றுப் பரப்பை விட ஒரு மயிரிழை மேலே நிற்க வேண்டும், நகத்தை இழுத்தால் தட்டுப்பட வேண்டும். அமுங்கிப் போயிருந்தால் புது ஓ ரிங், அல்லது குளிர்பான டின் தகட்டில் வளையம் வெட்டி அடியில் கொடுத்து உயர்த்தலாம். அளவு பள்ளத்தை அளந்து வாங்குங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

#8 சாயல்குடிப் பனை

இவ்வளவு ஏன் மாப்ள? பம்பாய்ல இருந்து ஹெவி ஸ்பிரிங் வருது. அதைப் போட்டா வேகம் கூடும், இறக்கம் குறையும், நெட்டுக்குத்தும் போயிடும்ல?

#9 கீழக்கரை லேத்

போகாது மாப்ள, கூடும். ஸ்பிரிங் வகையில குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்னாடியே துப்பாக்கி ரெண்டு தடவை ஆடிடுது. பிஸ்டன் முன்னால கிளம்பும்போது ஒரு பின் உதை, சிலிண்டர் முனையில நிக்கும்போது ஒரு முன் உதை. கனத்த ஸ்பிரிங் ரெண்டு உதையையும் பெருசாக்கும். கட்டைத் திருகாணி சீக்கிரம் கழலும், ஸ்கோப்பு உடையும், ட்ரிகர் கொக்கி தேயும்.

சட்டப் பக்கமும் பாருங்க. 0.177 அளவு, 20 ஜூலுக்கு உள்ளே, அது வரைக்கும்தான் லைசென்ஸ் இல்லாம வைக்கலாம். 0.53 கிராம் குண்டு 170 மீ/விநாடியில போனா சுமார் 7.7 ஜூல். 10 மீட்டருக்கு அது தாராளம். உலகப் போட்டித் துப்பாக்கியெல்லாம் இந்த அளவுலதான் சுடுது. 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினதும் இதே 10 மீட்டர் அட்டையிலதான். சக்தி கூடினா குறி கூடும்னு யார் கிளப்பி விட்டதுன்னு தெரியல.

#10 தொண்டித் திருகாணி

பிடியைப் பத்தி யாரும் சொல்லலையே. மணல் மூட்டைல முன்கட்டையை அழுத்தி வச்சுச் சுடுறீங்கன்னா நெட்டுக்குத்துக்கு அதுவே போதும். கெட்டியான மூட்டை மேல ஸ்பிரிங் துப்பாக்கி துள்ளும், துள்ளல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது.

இடது உள்ளங்கையை விரிச்சு மூட்டை மேல வைங்க, துப்பாக்கி அந்தக் கை மேல உட்காரட்டும். விரலால பிடிக்கக் கூடாது, கை ஒரு தாம்பாளம் மாதிரி. தோளுக்கு லேசாத் தொட்டாப் போதும், இழுத்து அழுத்த வேண்டாம். கன்னமும் அப்படியே. கை எங்கே இருக்குங்கறது முக்கியம்: ட்ரிகர் கார்டுக்கு முன்னாடி ஒட்டி ஒரு பத்து, முன்கட்டை நடுவுல ஒரு பத்து, நுனியில ஒரு பத்து சுட்டுப் பாருங்க. எதுல கொத்து சின்னதோ அங்கே கட்டையில ஒரு டேப் ஒட்டி, எப்பவும் அதே இடம். ட்ரிகரை இழுத்ததும் கண்ணைத் தூக்காம ரெண்டு விநாடி அப்படியே பார்த்துக்கிட்டு இருங்க.

#11 உச்சிப்புளி வாடை

டிஷ்யூ பேப்பர் பறந்தே போச்சு. வளையம் தட்டையாகி ஒரு பக்கம் பிளந்திருக்கு. புது ஓ ரிங் போட்டேன். சுடுறப்ப சத்தமே மாறிடுச்சு, முன்னால "டப்"புன்னு இருந்தது இப்போ மொத்தையா "தொம்"முன்னு விழுது. உயரம் 24-லிருந்து 17. பிறகு கை நிலை மாத்திச் சுட்டேன்: கார்டுக்கு ஒட்டி 12, நடுவுல 16, நுனியில 19. டேப் ஒட்டியாச்சு.

இப்பவும் பத்துல ஒண்ணு ரெண்டு தனியா ஓடுது. எந்தப் பக்கம்னு சொல்ல முடியல.

#12 மண்டபம் 4.5

திசையில்லாமல் ஓடுவது பெரும்பாலும் குண்டு, அல்லது குழல் முனை.

குண்டு: ஒரு வெள்ளைத் தட்டில் 50 குண்டைக் கொட்டுங்கள். பாவாடை (குண்டின் விரிந்த பின்பக்கம்) நசுங்கியது, ஓரத்தில் பிசிறு நிற்பது, உள்ளே ஈயத்தூள் ஒட்டியது எல்லாம் தனி. மலிவு டப்பாவில் இப்படித் தள்ளுபடி கணிசமாக இருக்கும். மிச்சத்தைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து உருட்டுங்கள். நல்ல குண்டு ஒரே வளைவாக வட்டமடிக்கும். கோணலானது தத்தித் தத்திப் போகும். நகை எடை போடும் 0.01 கிராம் மிஷின் கிடைத்தால் எடை போட்டுப் பிரியுங்கள்.

பிறகு குழலுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள். தலை விட்டம் 4.49, 4.50, 4.51, 4.52 என்று தனித்தனியாக விற்கிறார்கள். துளையில் விடும்போது விரல் அழுத்தத்தில் லேசான பிடிப்போடு உட்கார வேண்டும், தானாக விழுந்தால் சின்னது. 10 மீட்டருக்குத் தட்டைத் தலை, 0.53 கிராம் அளவில் (ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் போன்றவை). 20 மீட்டருக்கு மேல் என்றால் உருண்டைத் தலை. தட்டைத் தலை தூரத்தில் வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். குண்டை உள்ளே வைப்பதும் ஒரே ஆழமாக இருக்கட்டும், ஒன்று உள்ளே ஒன்று மேலே என்று வேண்டாம்.

#13 கீழக்கரை லேத்

முனையைப் பார்க்க காது பஞ்சுக் குச்சி போதும். குண்டு இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, குச்சியைக் குழல் வாயில விட்டு உள்ளிருந்து வெளியே இழுத்தபடி சுத்துங்க. எங்கேயாவது பஞ்சு நூல் மாட்டினா அங்கே பிசிறு. கடலோரத்துல பெரும்பாலும் உப்புத் துரு அந்த விளிம்புலதான் ஆரம்பிக்கும், ஏன்னா அங்கே யாரும் துடைக்கிறதில்ல. குண்டு கடைசியாத் தொட்டுட்டுப் போற இடம் அதுதான். ஒரு பக்கம் பிசிறு இருந்தா காற்று அந்தப் பக்கம் முந்தி வெளியேறி குண்டோட பாவாடையைத் தள்ளி விடும்.

சின்னப் பிசிறுன்னா: உருண்டைத் தலை பித்தளைத் திருகாணி ஒண்ணு, தலை 8 மி.மீ. மாதிரி. அதை டிரில் மிஷின்ல மாட்டி, தலையில மெக்கானிக் கடையில கிடைக்கிற வால்வு கிரைண்டிங் பேஸ்ட், நைஸ் ரகம், அரிசி அளவு. குழலுக்குள்ள ஒரு ஈரத் துணித் துண்டை அடைச்சிடுங்க, பேஸ்ட் உள்ளே போகக் கூடாது. மிஷினை மெதுவா ஓட்டி, கைப்பிடியை வட்டமா ஆட்டிக்கிட்டே 10 விநாடி. துடைச்சுப் பாருங்க. விளிம்பு முழுக்க ஒரே அகலத்துல மினுக்கமான வளையம் தெரிஞ்சா நிறுத்திடுங்க. அடைச்ச துணியை முன்பக்கமே தள்ளி எடுங்க. பெரிய அடி பட்ட முனைன்னா லேத்துக்குக் கொண்டு வரணும், அரத்தால ராவுற வேலை இது இல்ல.

#14 மட்டுறுத்துநர்

இரண்டு விஷயம். கொக்கு, காடை, முயல் பற்றித் தனிச்செய்தியில் கேட்பவர்களுக்கும் சேர்த்து: 1972 வனவிலங்குச் சட்டம் ஏர் கன்னுக்கும் பொருந்தும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டை என்று ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கப் பறவை சரணாலயம். இங்கே அட்டை மட்டும்.

அடுத்தது, பின்தடுப்பு. 0.177 குண்டு இருநூறு மீட்டர் தாண்டியும் போகும். கடலைப் பார்த்துச் சுடக் கூடாது, கரைவலைக்காரர்கள் எந்நேரமும் இருப்பார்கள். தென்னை மரமும் தடுப்பு ஆகாது, குண்டு வழுக்கித் திரும்பும். நேராக நிற்கும் இரும்புத் தகடு குண்டைத் திருப்பி அடிக்கும். 45 பாகை சாய்த்து, கீழே மணல் பெட்டி வையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குண்டு போடும்போது மடங்கிய குழலை ஒரு கை விடாமல் பிடித்திருக்க வேண்டும், ட்ரிகரில் விரல் இருக்கக் கூடாது. கொக்கி நழுவினால் குழல் திரும்பி விரலை நசுக்கிவிடும்.

#15 பாம்பன் பாதை

ஸ்கோப் பத்தி ஒண்ணு. மடக்குக் குழல் வகையில குழல் கொஞ்சம் கீழ்நோக்கி நிக்கிறது சகஜம். அதை ஈடுகட்ட மேல் குமிழை ஏத்திக்கிட்டே போயிருப்பீங்க. கடைசி எல்லைக்குப் போனா உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்து, குறுக்குக் கம்பி ஒவ்வொரு உதைக்கும் இடம் மாறும். குமிழை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் வரை கிளிக் எண்ணுங்க. நடுவுல வச்சா குறி எவ்வளவு கீழே போகுதுன்னு பாருங்க. கால் நிமிட (நிமிடம்னா இங்கே கோண அளவு) கிளிக் ஒண்ணுக்கு 10 மீட்டர்ல 0.7 மி.மீ.தான், 30 மி.மீ. ஏத்த 40 கிளிக்குக்கு மேல வேணும். அவ்வளவு தேவைன்னா பின்பக்கம் உயர்ந்த மவுண்ட் போடுங்க.

4x32 சாதாரணமா 50 அல்லது 100 கெஜத்துக்குச் சரிசெஞ்சிருக்கும். 10 மீட்டர்ல கண்ணை அசைச்சா கம்பியும் அசையும். கன்னம் ஒரே இடத்துல இருக்கான்னு பார்க்க, வட்டத்தைச் சுத்தி கறுப்பு நிழல் ஒரே அளவா இருக்கணும்.

#16 தொண்டித் திருகாணி

ஸ்கோப் இல்லாம இரும்புக் குறியில சுடுறவங்களுக்கு: நம்ம மணல் வெளுப்புக்கு முன்குறி ஒரு பக்கம் மினுங்கும், கண் மினுங்குற பக்கத்தை விட்டுட்டு இருட்டுப் பக்கத்தையே குறின்னு எடுத்துக்கும். சூடத்தைக் கொளுத்தி அந்தப் புகையில முன்குறியைக் காட்டினா மையா கறுத்துடும். துடைச்சா போயிடும், செலவும் இல்ல.

காற்று: கச்சான் அடிக்கிற மாசத்துல வெயில் ஏறினா பேசிப் பிரயோசனமில்ல. காலையில ஏழு மணிக்குள்ள முடிங்க. வலை நூல் ஒரு முழம் குச்சியில கட்டி நடுவழியில நட்டு வைங்க, இன்னொண்ணு உங்க பக்கத்துல. பக்கத்துல அடிக்கிற காற்றுதான் குண்டை அதிகமாத் திருப்பும். 10 மீட்டர்ல ஒரு பங்கு தள்ளினா 20-ல ஏறக்குறைய நாலு பங்கு.

#17 தேவிபட்டினம் பம்பு

பி.சி.பி. (முன்கூட்டியே காற்று அடைச்சு வைக்கிற ரகம்) வச்சிருக்கிறவங்களுக்கு மேல சொன்ன பிடி சமாச்சாரம் அவ்வளவா ஒட்டாது, உதை கிடையாது. உங்க தலைவலி ஈரம். கைப் பம்புல 50 அடிச்சா நிறுத்தி ஆற விடுங்க, ஈரம் வடிக்கிற வால்வைத் திறந்து விடுங்க. நம்ம காற்றுல அந்தத் தண்ணி சிலிண்டருக்குள்ள போனா துருதான்.

#18 உச்சிப்புளி வாடை

முனையில பஞ்சு மாட்டுச்சு, கடிகாரத்துல ஆறு மணி இருக்கிற அடிப்பக்கம். கீழக்கரை லேத் அண்ணன் சொன்னபடி பித்தளைத் திருகாணி, மூணு தடவை பத்துப் பத்து விநாடி. இப்போ எங்கேயும் மாட்டல. குண்டு பொறுக்கினதுல 50-க்கு 9 தள்ளுபடி. காலை ஆறரைக்கு, காற்று இல்லாம, மூணு அட்டை, அட்டைக்குப் பத்து: 10, 11, 9.5 மி.மீ. மையத்துக்கு மையம். தனியா ஓடினது முப்பதுல ஒண்ணு, அது ட்ரிகரை நான் பிடுங்கினது, சுட்டவுடனே தெரிஞ்சுது. ஸ்பிரிங் பழசேதான்.

ஒரு கேள்வி. ரெக்சின் உறைக்குள்ள வச்சா பாதுகாப்புன்னு சொல்றாங்க, சரியா?

#19 கீழக்கரை லேத்

உறைக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்சு உப்பீரத்தைக் குடிச்சு வச்சுக்கிட்டு இரும்புல ஒத்தி எடுக்கும். தூக்கிட்டுப் போக மட்டும் உறை. வீட்டுல பூட்டின அலமாரியில, சுவரைத் தொடாம, குழல் கீழ்நோக்கி. சிலிகா ஜெல் நீலம் ரோஸா மாறினா வாணலியில வறுத்துத் திரும்ப வைங்க. கை பட்ட இடத்தை எல்லாம் எண்ணெய் தொட்ட துணியால ஒரு இழுப்பு. முனையையும் சேர்த்து.